மூன்றாவது மோட்டார்

மோட்டார் எரிந்துபோனால் சுலைமானுக்குக் கொண்டாட்டம். திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பத்துக்குப் பத்து கடை வைத்து மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் அவன். ஊரார் மோட்டார் எரிந்தால்தான் அவன் வீட்டு அடுப்பு எரியும். ஆனால் கோமளா போன் பண்ணி, "பாய், லேத் மோட்டார் பூட்ச்சு. வேற ஒண்ணு பாத்து மாட்டிக் குடுங்க" என்று சொன்ன அன்று அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. கையிலிருந்த தாமிரக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தான்.

எந்த லேத் என்று அவன் கேட்கவில்லை. கோமளாவிடம் இருப்பதே ஒரு லேத்துதான். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு தகர ஷெட்டுக்குள் அது நிற்கிறது. இரும்பு கடைகிற மெஷின், வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. நாலு ஆள் சேர்ந்து தள்ளினாலும் நகராது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், கோமளாவின் புருஷன் பூபாலன் அந்த லேத்தால்தான் செத்துப்போனான். சுவிட்சைப் போட்டதும், வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கிற சக், இருபது கிலோ இரும்பு, மரை கழன்று வந்து அவன் நெஞ்சில் அடித்தது. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? "ராத்திரி போட்ட சரக்கு எறங்கல, சக்க டைட் பண்ணாம வுட்டுகினான்" என்றார்கள். பூஜையன்று சாயங்காலம் அந்தச் சந்தில் குடிக்காதவன் யார் என்று யாரும் கேட்கவில்லை. போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. எல்லாரையும்விட அதை அதிகமாக நம்பியவள் பூபாலனின் மகள் தீபிகா. காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட் எடுத்துக்கொண்டு ஐ.டி. கம்பெனிக்குப் போய்வருகிறாள். அப்பா படத்தை அந்த வீட்டில் மாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். திதிக்கும் வருவதில்லை. குடித்துச் செத்தவனுக்கு என்ன திதி என்று அம்மாவிடமே கேட்டவள் அவள்.

உண்மை சுலைமானுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தண்ணீர் குடித்தான்.

மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. வருகிற மூன்று ஒயரில் எந்த இரண்டை இடம் மாற்றிக் கொடுத்தாலும் அது எதிர்ப்பக்கமாகச் சுற்றும். வேறு மெஷினில் அதனால் பெரிய ஆபத்து இல்லை, நிறுத்தி மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பழைய லேத்தில் சக்கை மரையில் திருகித்தான் மாட்டியிருக்கும். நேராகச் சுற்றினால் மரை இறுகும். எதிராகச் சுற்றினால் கழன்று பறக்கும். அதனால் மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவன் பெல்ட்டைப் போடாமல் ஒரு தடவை ஓட்டி, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்த ஆயுத பூஜைக்கு பூபாலன் மோட்டாரைக் கழற்றி பேரிங் மாற்றக் கொடுத்திருந்தான். பூஜையென்றால் எஸ்டேட்டில் அத்தனை பேரும் அன்றைக்குத்தான் மோட்டாரைத் துடைத்துப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று நிற்பார்கள். சுலைமானுக்கு மூச்சுவிட நேரமில்லை. அவன் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தபோது லேத்துக்கு விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டாகிவிட்டது. அவசர அவசரமாக மூன்று ஒயரையும் இணைத்துவிட்டு சுவிட்சில் கை வைத்தான்.

"ஐயோ பாய், பொட்டு வெச்சாச்சு. நாளிக்கிதான் ஓட்டணும்" என்றாள் கோமளா.

அது முறைதான். பூஜையில் வைத்த மெஷினை மறுநாள் வரை இயக்க மாட்டார்கள். அடுத்தவர் நம்பிக்கையில் கை வைக்கக் கூடாது என்று சுலைமானும் கையை எடுத்துக்கொண்டான். காலையில் வந்து சுற்றுப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். நினைத்தான், அவ்வளவுதான். நான் வருகிற வரை சுவிட்சைப் போடாதே என்று பூபாலனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு கை பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு ஓடினவனுக்கு அது வாயில் வரவில்லை. மறுநாள் அவன் புறப்படுவதற்குள் செய்தி வந்துவிட்டது.

போலீஸ்காரர் கேட்டபோது, "ஓட்டிப் பாத்துட்டுத்தான் சார் போனேன், நேராத்தான் சுத்துச்சு" என்றான். கோமளா அப்போது இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். புருஷனைப் பறிகொடுத்த அன்றைக்கு அவள் காதில் என்ன விழுந்திருக்கும், என்ன விழுந்திருக்காது என்று மூன்று வருஷமாக அவன் கணக்குப் போட்டுப் பார்க்கிறான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அவனுடையது ராப்பகலாகக் குறுகுறுத்தது. ஈ.பி.காரன் லைனில் ஃபேஸை மாற்றியிருப்பான் என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லி வைத்திருந்தான்.

போன் வந்த மறுநாளே ஷெட்டுக்குப் போனான். போன மழையில் தண்ணீர் உள்ளே வந்து பழைய மோட்டாரை முழுங்கியிருந்தது. லேத்து மட்டும் துருப்பிடிக்காமல் எண்ணெய் மினுமினுப்போடு நின்றது. யாரோ இப்போதுதான் வேலை முடித்துத் துடைத்துவிட்டுக் கை கழுவப் போன மாதிரி இருந்தது.

"தொடச்சு வெப்பீங்களா அண்ணி?"

"நான் இன்னாத்துக்குத் தொடைக்கிறேன்? பூட்டித்தான கெடந்துச்சு" என்றாள் கோமளா. "தீபிகா ஷெட்ட காலி பண்ணச் சொல்லிகினே கீறா. அதுக்கு மின்னாடி இது ஒரு வாட்டி ஓடணும் பாய். நேரா ஓடணும்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை அவள் அழுத்திச் சொன்னாளா, அவனுக்குத்தான் அப்படிக் கேட்டதா, தெரியவில்லை. முதல் காரியமாகச் சக்கைக் கழற்றி மூலையில் வைத்தான். சக் மாட்டுகிற தண்டான ஸ்பிண்டிலை வெறுமனே கையால் நேர்ப்பக்கமாக உருட்டிப் பார்த்தான். கையை எடுத்ததும் அது அரைச் சுற்று பின்னால் திரும்பி வந்து நின்றது. பெல்ட்டின் இறுக்கமாக இருக்கும் என்று குனிந்து பார்த்தான். பெல்ட் மாட்டியிருக்கவே இல்லை.

பழைய லேத்துக்கு மோட்டார் தேடுவதும் வரன் தேடுவதும் ஒன்று. பொருத்தம் நிறைய பார்க்க வேண்டும். ஒரு எச்.பி. போதும். இரண்டு போட்டால் கிழட்டு கியர் தாங்காது. வேகம் ஆயிரத்து நானூறைத் தாண்டக் கூடாது. பாதத்தில் உள்ள நாலு ஓட்டைகளும் பழைய தாங்கியில் உட்கார வேண்டும். அதுவோ அங்குலக் கணக்கில் செய்தது, இன்றைக்கு வருகிற மோட்டார் மில்லிமீட்டர் கணக்கு. சுலைமான் ஆவடியில் பழைய இரும்புக் கடை ஒன்றில் அரை நாள் கிளறி, கனமான ஒரு மூன்று ஃபேஸ் மோட்டாரைக் கண்டுபிடித்தான். புதுக் காயில் கட்டி, பெல்ட் ஓடுகிற புல்லி பொருந்த ஒரு புஷ் கடைந்து போட்டு எடுத்துப்போனான்.

மாட்டினான். பெல்ட் போடாமல் ஓட்டினான். நேராகச் சுற்றியது. நாலு தடவை ஓட்டினான், நாலு தடவையும் நேர்தான். நிம்மதியாகத் தொழுகைக்குப் போய்வந்து பெல்ட்டைப் போட்டு சுவிட்சைத் தட்டினான். ஸ்பிண்டில் கீழிருந்து மேலாக, நிற்பவனை விட்டு விலகி, எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

சுலைமானுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறவனுக்குச் சில்லிட வேண்டிய அவசியமே இல்லை.

"இன்னா பாய், ரிவர்ஸ்ல போவுது?" என்றாள் கோமளா, வாசலில் இருந்தபடி.

"ஈ.பி.காரன் வேலை அண்ணி. லைன்ல ஃபேஸ மாத்திருப்பான். அப்பவும் அப்டித்தான் மாத்திருப்பான், நான் நல்லாத்தான் பாத்துட்டுப் போனேன்" என்றான்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். அவள் எதையும் கேட்கவில்லை. ஈ.பி.காரன் மாற்றியிருந்தால் பக்கத்து ஷெட் ஜேம்ஸின் கம்ப்ரஸரும் எதிராகச் சுற்றியிருக்க வேண்டும். சுலைமான் போய்ப் பார்த்தான். அது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆவடியில் வாங்கிய பழைய மோட்டார்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அடுத்த வாரம் பாரிஸ் கார்னரில் புது மோட்டாரே வாங்கிவந்தான். ஒயருக்கு ஒயர் சிவப்பு, மஞ்சள், நீலம் டேப் சுற்றினான். ஓட்டினான். நேர்தான். போன தடவை ஏதோ கவனப்பிசகு என்று சிரித்துக்கொண்டே, முனைக்கடையில் போய் இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றைக் கோமளாவிடம் கொடுத்தான். மற்றதை உறிஞ்சியபடி சுவிட்சைப் போட்டான். எதிர்ப்பக்கம்.

டீ அவன் சட்டையில் கொட்டியது.

அன்றிரவு மனைவி புஷ்ராவிடம், "செத்தவன் திரும்பி வருவானா?" என்று கேட்டான். "மய்யித்துக்கு அதுபாட்டுக்கு வேலை இருக்கும், நீங்க படுங்க" என்றாள் அவள். படுத்தான். கண்ணை மூடினால் ஸ்பிண்டில் சுற்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான், ஆனால் அவன் பார்த்தது பட்டப்பகலில்.

மூன்றாவதை யோசித்துத் தேர்ந்தெடுத்தான். மூன்று ஃபேஸே வேண்டாம். வீட்டு பிளக்கில் செருகி ஓட்டுகிற சிங்கிள் ஃபேஸ் மோட்டாராகவே போட்டுவிட்டால்? அதற்கு லைனில் ஃபேஸ் மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது மோட்டாருக்கு உள்ளேயே முடிவாகியிருக்கும். அதை மாற்ற வேண்டுமானால் மூடியைத் திறந்து உள் இணைப்பையே மாற்ற வேண்டும். மூடியின் நாலு திருகாணியையும் இறுக்கி, மேலே சிவப்புப் பெயின்ட் தடவி எடுத்துப்போனான்.

அன்றைக்கு அவன் ஷெட்டை விட்டு நகரவில்லை. மத்தியான லுஹர் தொழுகையைக்கூட அப்புறம் களா செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைத்தான். கோமளா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒருமுறைகூட உள்ளே வரவில்லை. பெல்ட் இல்லாமல் ஓட்டினான். நேர். நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பெல்ட்டை மாட்டினான். பெல்ட் குறுக்கே முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். பிளக்கைச் செருகினான். பிஸ்மி சொல்லி சுவிட்சைப் போட்டான்.

எதிர்ப்பக்கம்.

அவசரமில்லாமல், சீராக, மோட்டாரும் ஸ்பிண்டிலும் சேர்ந்து எதிர்ப்பக்கம் சுற்றின. மூடியின் மேல் சிவப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது. சுலைமான் பிளக்கைப் பிடுங்கித் தரையில் எறிந்தான். சுற்று அடங்கவே வெகு நேரம் பிடித்தது. அது அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, இனி ஒரு மோட்டாரைத் தேடிப் போகத் தன்னால் முடியாது என்று தோன்றியது. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி" என்றான். "அன்னிக்கு நான் ஓட்டிப் பாக்கல."

கீரை ஆய்கிற கை நின்றது.

"போலீஸ்ல பொய் சொன்னேன். ஒயர மாத்திக் குடுத்தது நாந்தான். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. சக்கு டைட்டாத்தான் இருந்திருக்கும். ரிவர்ஸ்ல ஓடுனதுல கழண்டுக்கிச்சு. குடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கொன்னுட்டேன் அண்ணி."

மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்ததும் அழுகை வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். கோமளா கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே வந்து அவனுக்கு எதிரே, தரையிலேயே உட்கார்ந்தாள்.

"தெரியும் பாய்" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பொட்டு வெச்சாச்சு, ஓட்டாதீங்கன்னு சொன்னது யாரு? நாந்தான? நீங்க போலீஸ்கிட்ட ஓட்டிப் பாத்தேன்னு சொன்னப்ப பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன். வாயத் தொறந்தேனா? தொறந்தா, ஓட்ட வுடாம தடுத்தவ நான்னு வெளில வந்துடும். பொண்ணு மூஞ்சில எப்டி முழிப்பேன்? உங்க பொய்யி எனக்கும் சௌரியமா இருந்துச்சு. அந்த மனுசன் குடிச்சுட்டுச் செத்தான்னு ஊர் சொல்லச்சொல்ல கேட்டுகினே இருந்தேன். என் பொண்ணு அவங்கப்பன் போட்டோவ மாட்ட வுடாததப் பாத்துகினே இருந்தேன்."

கோமளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜேம்ஸின் கம்ப்ரஸர் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது.

"முடியல பாய். நானா சொல்லவும் தெகிரியம் இல்ல. மொதல்ல நீங்க சொன்னா, கூடவே நானும் சொல்லிடலாம்னு பாத்தேன். அதுக்குத்தான் கூப்ட்டேன். மொத மோட்டாரு, நீங்க மசூதிக்குப் போனப்ப நாந்தான் ஒயர மாத்திவுட்டேன். இருவது வருசம் அந்த மனுசனோட வேல செஞ்சவ, ரெண்டு ஒயரு மாத்தத் தெரியாதா? ரெண்டாவதும் நாந்தான். நீங்க டீ வாங்கப் போனீங்களே, அப்ப."

சுலைமானுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. பேயுமில்லை, பிசாசுமில்லை, ஒரு பொம்பளையின் கைவேலை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தான்.

"இன்னிக்கி எப்ப மாத்துனீங்க? நான் நவுரவே இல்லியே."

கோமளா சிரிக்கவில்லை. அவள் கண் லேத்தின் மேல் இருந்தது.

"இன்னிக்கி நான் தொடவே இல்ல பாய்."

சுலைமானின் கண்ணும் சிவப்புப் பெயின்ட்டுக்குப் போனது. ஒரு கீறல் இல்லை. புது மோட்டார், கபாசிட்டரும் புதுசு, இப்படி நடக்க இடமே இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டப்பகல், வெளியே மீன்காரன் சத்தம், ஆனாலும் இரண்டு பேரும் லேத்தை விட்டுத் தள்ளி நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

கடைசியில் கோமளாதான் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். "அவளுக்கு லஞ்ச் டைம்தான் இப்ப" என்று சொல்லி மகளின் நம்பரை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டு, "தீபி, சுலைமான் மாமா பேசணுமாம். மாமா பேசுனப்புறம் நானும் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாம கேளு" என்று சொல்லி அவன் கையில் கொடுத்தாள்.

சுலைமான் சொன்னான். எதையும் மிச்சம் வைக்கவில்லை. பூஜையன்று தாமதமாக வந்தது, ஒயரை இணைத்தது, ஓட்டிப் பார்க்காதது, ஒரு வார்த்தை சொல்லாமல் போனது, போலீஸில் சொன்ன பொய். "உங்கப்பா குடிச்சதால சாவலம்மா. என் கையாலதான் செத்தாரு. நீ எந்த ஸ்டேஷனுக்குக் கூப்ட்டாலும் வந்து சொல்றேன்" என்று முடித்தான். அடுத்ததாகக் கோமளா, ஓட்டாதே என்று தடுத்தது தான்தான் என்பதைச் சொன்னாள். பாதியிலேயே அவளுக்குக் குரல் உடைந்தது.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று சுலைமான் போனைப் பார்த்தான். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்கும் பிறகு தீபிகா பேசினாள். ஆபீஸ் குரல் இல்லை, அந்த ஷெட்டில் சாக்கு விரித்து வீட்டுப்பாடம் எழுதிய பெண்ணின் குரல்.

"மாமா… பின்னாடி கேக்குதே, அது அப்பா லேத்துதான? ஓடிகினு கீதா?"

சுலைமான் மெல்லத் திரும்பினான். பிளக் அவன் எறிந்த இடத்தில், தரையில் கிடந்தது. கோமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டியிருந்தாள். ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டிருந்தது. மேலிருந்து கீழாக, நிற்பவனைப் பார்த்து, வேலைக்குத் தயாராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இனிமேல் இந்தப் பெண்ணிடம் அவனால் பொய் சொல்ல முடியாது.

"ஓடுதும்மா" என்றான். "நேரா ஓடுது."